திரை எங்கே இருக்கிறது? தொலைக் கணினிப் பிழையும் ஒரு சுட்டுச்சொல்லும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்தத் தொலைவை நாள்தோறும் பேருந்தில் கடந்து ஆய்வகத்துக்கு வருவோர் ஆய்வு மாணவர்களிடையே இன்றும் உள்ளனர். அவர்களுக்கும், இருட்டுமுன் விடுதிக்குத் திரும்பியாக வேண்டிய மாணவியருக்கும், கைக்குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு ஆய்வேட்டை முடிக்க முயல்வோருக்கும், ஆய்வகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி ஆடம்பரம் அன்று. ஆய்வு நடப்பதற்கான நிபந்தனை. அந்த வசதி முறியும் இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் தோன்றுகிறது: ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே.’ திரையைத் திறக்க இயலவில்லை என்பது அதன் பொருள். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் சாளரம் கொண்ட ஒரு மென்பொருளைத் தொலைவிலிருந்து திறக்க முயன்ற எவரும் இவ்வரியை ஒருமுறையேனும் கண்டிருப்பர்.

இந்த வட்டாரத்தில் அப்படி முயல்வோர் குறைவல்லர். திருப்பதியில் 1954இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 2020இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகமும் உள்ளன. 2015இல் தொடங்கிய ஐஐடியும் ஐசரும் ஏர்ப்பேடு பக்கத்தில் வளாகம் கொண்டுள்ளன. காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் வானத்தை நோக்கும் ரேடாருடன் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இயங்குகிறது. சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில், மூன்று மாநில எல்லைகள் நெருங்கும் குப்பத்தில், 1997இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேச்சொலியை ஆராய்பவருக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட், வளிமண்டலத் தரவைப் பார்ப்பவருக்கு கிராட்ஸும் என்சிவியூவும், மூலக்கூறுகளைச் சுழற்றிப் பார்ப்பவருக்கு விஎம்டி என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு சாளர மென்பொருள் உண்டு. தரவும் கணிப்பும் கைக்கணினியில் அடங்காதபோது அவை வேறோர் இடத்துச் சர்வருக்குப் போகின்றன. அது துறையின் மூலையறையில் உள்ள பெட்டியாக இருக்கலாம். 2022இல் பயன்பாட்டுக்கு வந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகா, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பரம் பொருள் போன்ற பெருங்கணினியாகவும் இருக்கலாம்.

பிழை தோன்றியதும் நடப்பது எல்லாத் துறைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. மூத்த ஆய்வாளர் ஒருவரிடமிருந்து வாட்சாப்பில் ஒரு கட்டளை வருகிறது. அது வேலை செய்யாவிடில் இன்னொன்று. அதுவும் தோற்றால் ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’. எதனால் பழுது, எதனால் சரியானது என்பது யாருக்கும் தெரிவதில்லை. மந்திரம் பலித்தால் அது அடுத்த தொகுதி மாணவருக்கும் அப்படியே கைமாறுகிறது. பலிக்காவிடில் ஆய்வாளர் பேருந்து ஏறுகிறார்.

இப்பதிவின் வாதம் இதுதான்: ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்பது புரியாத பழுது அன்று, தெளிவான பொருள் கொண்ட ஒரு வாக்கியம். அதைப் படிக்கக் கணினியியல் பட்டம் வேண்டியதில்லை. திரை எந்தக் கணினியில் இருக்கிறது, நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறது என்னும் இரண்டை வேறுபடுத்தத் தெரிந்தால் போதும். அவ்வேறுபாட்டை ஆய்வின் முதலாண்டிலேயே கற்பிக்க வேண்டியது துறைகளின் கடமை. அதை மாணவரின் தனிப்பட்ட சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது, ஆய்வகத்துக்கு அருகில் தங்க வசதியுள்ளவருக்கு மட்டும் சலுகை தருவதாகும்.

முதலில் குழப்பத்தின் வேர். அமெரிக்காவின் எம்ஐடியில் 1983இல் அத்தீனா என்னும் திட்டம் தொடங்கியது. வளாகம் முழுதும் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள். எந்தக் கணினியில் ஓடும் நிரலையும் எந்த மேசையின் திரையிலும் காட்ட வேண்டும் என்பது தேவை. இதற்காக ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் 1984இல் உருவாக்கியதே எக்ஸ் சாளர முறைமை. 1987இல் வெளிவந்த அதன் பதினோராம் பதிப்பே எக்ஸ் 11 என இன்றுவரை வழங்குகிறது. ஆக, தொலைவிலிருந்து திரையைக் காட்டுவது பின்னாளில் ஒட்டவைத்த வசதி அன்று. பிறவியிலேயே அதன் நோக்கம் அதுதான்.

அந்த முறைமையில் ஒரு சொல் மாணவரைத் தவறாமல் தடுமாறச் செய்கிறது. சர்வர் என்றால் தொலைவில், குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய கணினி என்றே அனைவரும் கொள்கின்றனர். எக்ஸ் முறைமையிலோ சர்வர் என்பது ஆய்வாளரின் கண்முன் உள்ள திரையையும் விசைப்பலகையையும் ஆளும் நிரல். தொலைவில் ஓடும் பிராட்தான் அதனிடம் பணி கேட்கும் வாடிக்கையாளர். இது தலைகீழ் என்று ஆங்கிலக் கையேடுகள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழ் மாணவருக்கு அவ்வளவு விளக்கம் வேண்டாம். ஓட்டலில் சர்வர் எங்கே நிற்கிறார்? சமையற்கட்டிலா? சமைப்பவர் உள்ளே, சர்வர் மேசையருகில். உள்ளே ஆனதை இலைக்குக் கொண்டுவருபவரும், இலையில் அமர்ந்தவர் சொன்னதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்பவரும் அவரே. எக்ஸ் சர்வரும் அப்படித்தான். சமையல் பெங்களூரில் நடக்கலாம். சர்வர் இருக்க வேண்டிய இடம் சித்தூரில் உள்ள மேசை.

இரண்டாவது, அந்த மேசையின் முகவரி. நிரல் தன் சாளரத்தை எங்கே வரைய வேண்டும் என்பதை ‘டிஸ்ப்ளே’ என்னும் சூழல் மாறி சொல்கிறது. அதன் மதிப்பு மூன்று பகுதி கொண்டது: கணினியின் பெயர், முக்காற்புள்ளிக்குப் பின் திரைத்தொகுதியின் எண், புள்ளிக்குப் பின் திரையின் எண். கணினியின் பெயரை எழுதாமல் வெறும் ‘:0’ என்று விட்டால் ‘இந்தக் கணினியின் முதல் திரைத்தொகுதி’ என்று பொருள். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் போல, சொல்லாமலே ‘இங்கே’ என்பது அதனுள் அடங்கியிருக்கிறது.

சிக்கல் முழுதும் இந்த ‘இங்கே’யில்தான். இங்கே என்னும் சொல்லுக்கு நிலையான ஊர் கிடையாது. சித்தூரில் சொன்னால் சித்தூர், திருப்பதியில் சொன்னால் திருப்பதி. அ, இ, உ மூன்றையும் சுட்டு எனத் தொல்காப்பியம் நூன்மரபிலேயே வகுத்துவிட்டது. தெலுங்கின் இக்கட, அக்கட. கன்னடத்தின் இல்லி, அல்லி ஆகியவை அதே இகரமும் அகரமும் எல்லைகளைக் கடந்து நிற்பதைக் காட்டும். ஜெர்மானிய அறிஞர் கார்ல் பியூலர் 1934இல் வெளியிட்ட மொழிக்கோட்பாட்டு நூலில், சுட்டுச்சொல்லின் பொருள் பேசுபவர் நிற்கும் மையப்புள்ளியைச் சார்ந்தது என்று விளக்கி, அப்புள்ளியை ஓரிகோ என்றார். மொழியியல் மாணவர் இதனை முதற்பருவத்திலேயே படிக்கிறார். ஆனால் டிஸ்ப்ளே மாறியும் ஒரு சுட்டுச்சொல்லே என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. தன் மேசையில் அமர்ந்து ‘:0’ என்று நினைப்பவரின் ‘இங்கே’ தன் மேசை. அதே ‘:0’ தொலைக் கணினியில் எழுதப்பட்டால் அதைப் படிப்பது அங்கே ஓடும் நிரல். அதன் ‘இங்கே’ அந்தக் குளிரூட்டிய அறை. அங்கே திரையே இல்லை. இல்லாத திரையைத் திறக்க இயலவில்லை என்று அது சொல்வதில் பிழை ஏதும் இல்லை; ‘இங்கே’ என்று சொன்னவரும் கேட்டதும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றனர், அவ்வளவே.

இந்தத் தெளிவு வந்தபின் பழுதறிதல் ஐந்து கேள்விகளில் அடங்கும். வரிசை முக்கியம், ஒன்றுக்கு விடை தெரியாமல் அடுத்ததற்குப் போகலாகாது.

முதற்கேள்வி: மேசையில் சர்வர் இருக்கிறாரா? லினக்ஸ் மேசைக்கணினியில் பெரும்பாலும் இருக்கிறார். வேலாண்ட் என்னும் புதிய முறைமை ஓடினாலும் எக்ஸ்வேலாண்ட் என்னும் இடைநிரல் அப்பணியைச் செய்கிறது. விண்டோஸில் அவரைத் தனியே அமர்த்த வேண்டும். விசிஎக்ஸ்சர்வ், எக்ஸ்மிங், மோபாஎக்ஸ்டெர்ம் போன்றவை அதற்கானவை. புட்டியில் எக்ஸ் 11 பெட்டியில் குறியிட்டால் போதும் என எண்ணுவோர் பலர். புட்டி வழியை மட்டுமே அமைக்கும், சர்வரைத் தருவதில்லை. மேக் கணினியில் 2012இன் மவுண்டன் லயன் பதிப்பு முதல் எக்ஸ் 11 உடன் வருவதில்லை. எக்ஸ்குவார்ட்ஸ் நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

இரண்டாம் கேள்வி: வழி கேட்கப்பட்டதா? வெறுமனே எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைந்தால் எழுத்து மட்டுமே போய்வரும். கட்டளையுடன் ஆங்கிலப் பெரிய எழுத்து எக்ஸைக் குறியாகச் சேர்த்தால்தான் திரைக்கும் வழி கேட்டதாகும். சிறிய எழுத்து எக்ஸ் நேர்மாறாக அவ்வழியை மூடிவிடும். உள்நுழைந்தபின் தொலைக் கணினியில் டிஸ்ப்ளே மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பார்ப்பதே இந்தக் கலையின் நாடிபார்த்தல். மதிப்பு வெறுமையாக இருந்தால் வழி கேட்கப்படவில்லை, அல்லது மறுக்கப்பட்டது. ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்பதுபோல் இருந்தால் வழி அமைந்துவிட்டது. இதுவும் ‘இங்கே’ என்றுதானே சொல்கிறது என ஐயம் எழலாம். ஆம், அங்கேயுள்ள ‘இங்கே’யில் எஸ்எஸ்எச் 6010 என்னும் எண்ணில் ஒரு வாயில் திறந்து வைத்திருக்கிறது. 6000 என்பது எக்ஸின் அடியெண். உண்மையான திரைகளோடு மோதாதிருக்கப் பத்து கூட்டப்படுகிறது. அந்த வாயிலுக்குள் போவது மறையாக்கம் பெற்று மேசைக்கு வந்து சேர்கிறது. மதிப்பு ‘:0’ என இருந்தாலோ, யாரோ ஒருவர் முகப்புக் கோப்பில் அதைக் கையால் எழுதி வைத்துள்ளார் என்று கொள்ளலாம். அந்த வரியை நீக்குவதே மருந்து. எஸ்எஸ்எச் தானே இடும் மதிப்பைக் கையால் மாற்ற வேண்டிய தேவை ஏறத்தாழ எப்போதும் எழுவதில்லை.

மூன்றாம் கேள்வி: வழி கொடுக்கப்பட்டதா? கேட்டும் மதிப்பு வெறுமையாக இருந்தால் தொலைக் கணினி மறுத்திருக்கிறது. சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் எக்ஸ் 11 அனுப்புகை மூடப்பட்டிருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூல இயல்புநிலை ‘இல்லை’ என்பதே. அல்லது எக்ஸ்ஆத் என்னும் சிறு நிரல் அங்கே நிறுவப்படாமல் இருக்கலாம். திரை வேண்டாத சர்வர் என்று குறைந்தபட்ச நிறுவல் செய்த இடங்களில் இது மிக வழக்கம். அல்லது ஐபி ஆறாம் பதிப்பைக் கணினியில் அணைத்துவிட்டு எஸ்எஸ்எச்சிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். உள்நுழையும் கட்டளையில் சிறிய எழுத்து ‘வி’ சேர்த்தால் இருபுறப் பேச்சும் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளுடன் நிர்வாகிக்கு எழுதப்படும் மடல் ஐந்து நிமிடத்தில் தீரும். ‘எக்ஸ் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லும் மடல் ஒரு வாரம் கிடக்கும்.

நான்காம் கேள்வி: சாவி பொருந்துகிறதா? திரையைத் தொட எவருக்கும் உரிமை இல்லை. உரிமையுள்ளவரை அறிய எக்ஸ் 128 பிட் நீளமுள்ள ஒரு தற்போக்கு எண்ணைப் பயன்படுத்துகிறது; அதற்கு எம்ஐடி மேஜிக் குக்கி என்று பெயர். பயனரின் இல்லக் கோப்புறையில் எக்ஸ்அத்தாரிட்டி என்னும் மறைகோப்பில் அது எழுதப்படுகிறது. ஆகவே அக்கோப்பை எழுத இயலாத நிலை எதுவும் திரைப் பிழையாகவே வெளிப்படும். ஆய்வாளருக்கு ஒதுக்கிய வட்டு இடம் நிரம்பிவிட்டால் சாவியை எழுத இடமில்லை. பழைய ஒலிக்கோப்புகளை அகற்றினால் திரை திறக்கும், காரணம் புரியாதவருக்கு அது அதிசயம். இடையில் முறிந்த அமர்வு விட்டுச்சென்ற பூட்டுக்கோப்புகளும் இதே தடையைச் செய்யும். சூடோ மூலம் வேறு பயனராக மாறினால் சாவி முந்தைய பயனரின் இல்லத்தில் கிடக்க, புதிய பயனர் வெறுங்கையுடன் நிற்பார். இன்னொன்று, பெரிய எக்ஸுக்கும் பெரிய ஒய்க்கும் உள்ள வேறுபாடு. முன்னது தொலை நிரலை முழுதும் நம்பாத வழி. இயல்பாக 20 நிமிடத்துக்குப் பின் புதிய சாளரங்களை ஏற்பதில்லை. பின்னது முழு நம்பிக்கை தரும் வழி. காலையில் திறந்த சாளரம் ஓடிக்கொண்டிருக்க, தேநீர் அருந்தித் திரும்பியபின் அடுத்தது மட்டும் திறக்காமல் போவதற்கு இக்காலக்கெடு காரணமாகலாம். டெபியன், உபுண்டு போன்றவற்றில் முன்னமைப்பு இவ்விரண்டையும் ஒன்றாகவே நடத்துவதால், ஒருவர் கணினியில் நடப்பது மற்றவரிடம் நடவாமற்போவதும் உண்டு.

ஐந்தாம் கேள்வி: இடையில் இடம் மாறியதா? டீமக்ஸ் போன்ற நிரலில் அமர்வை விட்டுவிட்டு மறுநாள் வேறு இணைப்பில் திரும்பினால், உள்ளே இருக்கும் டிஸ்ப்ளே மதிப்பு நேற்றைய வாயிலையே சுட்டும். அந்த வாயில் மூடி நெடுநேரம் ஆகியிருக்கும். பெருங்கணினிகளில் இது இன்னும் கூர்மையானது. ஆய்வாளர் உள்நுழைவது நுழைவுக் கணினியில். பணி ஓடுவது அதற்கப்பால் உள்ள கணிப்புக் கணினியில். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் சொல் நுழைவுக் கணினியில் ஒரு பொருள் தந்தது. கணிப்புக் கணினிக்குப் போனதும் வேறு பொருள் தருகிறது. ஸ்லர்ம் பயன்படும் இடங்களில் எஸ்ரன் கட்டளைக்கு எக்ஸ் 11 விருப்பத்தைச் சேர்த்துப் பணியைக் கேட்பது இதற்காகவே. இங்கே, அங்கே என்னும் இரண்டு போதாத நிலை இது. யாழ்ப்பாணத் தமிழ் இன்றும் காத்துவரும் ‘உங்கே’ போல நடுவிடத்துக்கும் ஒரு சுட்டு வேண்டியிருக்கிறது.

இந்த ஐந்தில் எதையும் கேளாமல் பரவும் மந்திரத்துக்கு, ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ என்பதற்கு, வருவோம். அது செய்வது ஒன்றே: திரையின் காவலை முற்றாக நீக்குவது. இணைய வாய்ப்புள்ள எந்த நிரலும் அதன்பின் திரையைப் படம் பிடிக்கலாம். விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தையும், கடவுச்சொல் உட்பட, படிக்கலாம். லினக்ஸ் விநியோகங்கள் பலவற்றில் எக்ஸ் சர்வர் இப்போது வலையமைப்புக்கு நேரே காது கொடுப்பதில்லை என்பதால் தீங்கு ஓரளவு குறைந்துள்ளது. ஆனால் விண்டோஸில் ஓடும் சில எக்ஸ் சர்வர்களைத் தொடங்கும்போதே ‘அணுகல் கட்டுப்பாட்டை நீக்கு’ என்றொரு பெட்டி இருக்கிறது. விடுதியின் பொது வைஃபையில் அமர்ந்து அதில் குறியிட்டு, தீயரண் கேட்கும்போது ‘அனுமதி’ என்று அழுத்தினால், ஒரு தளத்துக்கே கதவு திறந்தாகிறது. கொடுமை என்னவெனில், மேற்சொன்ன ஐந்து காரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது மருந்தே அன்று. டிஸ்ப்ளே வெறுமையாக இருப்பது இதனால் நிரம்பாது. இல்லாத எக்ஸ்ஆத் இதனால் வந்துவிடாது. நேர்காணல் பதிவுகளையும் தகவலாளரின் அடையாளங்களையும் காப்பதாக நெறிமுறைக் குழுவிடம் கையொப்பமிட்ட ஆய்வாளர் இதைச் செய்யும்போது மீறப்படுவது தன் கணினியின் பாதுகாப்பு மட்டும் அன்று.

சரியான விடைகளுக்குப் பின்னும் ஒரு கேள்வி எஞ்சும்: சாளரம் உண்மையில் வேண்டுமா? எக்ஸ் நெறிமுறை ஓயாமல் பேசும் இயல்புடையது. ஒரு பட்டியைத் திறக்கவும் பல கேள்வி, பல விடை. ஒரு போய்வரலுக்கு 30 மில்லிநொடி என்று வைத்தால், ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் போய்வரலுக்கு 30 நொடி. இணைய வேகம் எவ்வளவு கூடினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது, ஏனெனில் இது அகலத்தின் சிக்கல் அன்று, தொலைவின் சிக்கல். ஆயிரம் ஒலிக்கோப்புகளில் உயிரொலி நீளத்தை அளக்க பிராட்டின் சாளரம் தேவையில்லை. நிரற்குறிப்பை எழுதி, அதைச் சாளரமின்றி ஓட்டும் விருப்பத்தை பிராட்டே தருகிறது. பைத்தானின் மேட்பிளாட்லிப் வரைபடத்தைத் திரையில் காட்டாமல் நேரே கோப்பில் எழுதவல்லது. எப்படியும் திரை இருந்தாக வேண்டும் என அடம்பிடிக்கும் நிரலுக்கு எக்ஸ்விஎஃப்பி என்னும் பொய்த்திரை உண்டு. கண்ணால் பார்த்தே தீர வேண்டிய பணிக்கு எக்ஸ்டூகோ, எக்ஸ்பிரா, எஸ்எஸ்எச் வழியாகச் செல்லும் விஎன்சி ஆகியவை தொலைவைப் பொறுத்துக்கொள்பவை. முப்பரிமாணப் படங்களின் ஓப்பன்ஜிஎல் பிழைகள் தனிக் குடும்பம். சாதாரண சாளரம் திறந்து அவை மட்டும் தோற்றால் மேற்கண்ட ஐந்தையும் மீண்டும் கிளற வேண்டியதில்லை.

இதற்கு இரு மறுப்புகள் எழும். எக்ஸ் 11 மறைந்துவருகிறது, சாகப்போவதை ஏன் கற்பிக்க வேண்டும் என்பது முதலாவது. வேலாண்ட் 2008இல் தொடங்கியது உண்மை. 2025இல் வெளிவந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 பழைய எக்ஸ் சர்வரையே நீக்கிவிட்டதும் உண்மை. ஆனால் அதே வெளியீடு எக்ஸ்வேலாண்டை வைத்திருக்கிறது. எக்ஸுக்காக எழுதப்பட்ட ஆய்வு மென்பொருள்களைக் கைவிட இயலாது என்பதே காரணம். அதைவிட முக்கியம், கற்பிக்க வேண்டியது எக்ஸ் அன்று, ‘இங்கே’ எது என்பது. தொலைக் கணினியில் ஜூப்பிட்டரைத் தொடங்கி, அது தரும் ‘லோக்கல்ஹோஸ்ட் 8888’ என்னும் முகவரியைத் தன் கைக்கணினியின் உலாவியில் இட்டு, ஒன்றும் வரவில்லையே என்று திகைக்கும் மாணவர் அதே சுட்டில்தான் தடுக்கி விழுகிறார். கருவி புதிது, தடுக்கிய கல் பழையது.

இது நிர்வாகியின் வேலை, இலக்கியமும் மொழியும் படிப்பவருக்கு எதற்கு என்பது இரண்டாவது. நிர்வாகி பார்ப்பது சர்வரின் முனையை மட்டும். மேசையில் எக்ஸ்குவார்ட்ஸ் இருக்கிறதா, நேற்றைய அமர்வு இன்று தொடர்கிறதா என்பதை அவர் அறிய வழியில்லை. இரு முனையிலும் ஒரே நேரத்தில் நிற்பவர் ஆய்வாளர் ஒருவரே; ஆகவே பழுதைக் காணக்கூடியவரும் அவரே. ஒலிப்பதிவுக் கருவியைப் பிடிக்கத் தெரியாமல் கள ஆய்வுக்குப் போகக் கூடாது என்று சொல்லும் துறைகள், அந்தப் பதிவு தங்கியுள்ள கணினியைத் தொடத் தெரிய வேண்டாம் என்று சொல்வது பொருந்தாது.

செய்ய வேண்டியவை பெரிதல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 12 மதிப்பலகுப் பாடநெறியை வேண்டுகின்றன. ஆய்வுநெறித் தாளில் மேற்கோள் முறைக்கும் அடிக்குறிப்பு வடிவத்துக்கும் பல மணிநேரம் செலவாகிறது. அதில் இரண்டு மணிநேரம், இரண்டு கணினிகளை அருகருகே வைத்து, ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பழுதாக்கித் திருத்திக் காட்டினால் போதும். சர்வரை நடத்துவோர் உள்நுழைவின்போது தோன்றும் வரவேற்புரையில், இக்கணினியில் எக்ஸ் 11 அனுப்புகை உண்டா இல்லையா என்று ஒரே ஒரு வரி எழுதலாம். மூடுவது அவர்கள் உரிமை, ஆனால் மூடியிருப்பதைச் சொல்லாமல் விடுவது பிறர் மாலைப்பொழுதுகளைப் பறிப்பது. ஒவ்வோர் ஆய்வகமும் மூத்தோர் குறிப்பேட்டிலிருந்து ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ என்பதையும் கையால் எழுதிய ‘:0’ என்பதையும் அடித்துவிட வேண்டும்.

நான்காவது, மொழி. இந்த வட்டாரத்து ஆய்வாளர்கள் தெலுங்கிலும் தமிழிலும் சிந்தித்து ஆங்கிலத்தில் பிழைச்செய்தி படிப்பவர்கள். பிழைச்செய்தியைப் படிக்காமல் கடந்துபோகும் பழக்கத்துக்குச் சோம்பலைவிட இதுவே காரணம்: அது வாக்கியமாகத் தோன்றுவதில்லை, சத்தமாகத் தோன்றுகிறது. ‘திரையைத் திறக்க இயலவில்லை’ என்று ஒருமுறை தாய்மொழியில் சொல்லிப் பார்த்தால் ‘எந்தத் திரையை?’ என்னும் கேள்வி தானே எழும். தென்னக மொழிகள் பலவற்றை ஒரே வளாகத்தில் பயிலும் குப்பம் போன்ற இடத்தில், இருபது பொதுப் பிழைச்செய்திகளுக்கு அவ்வம்மொழியில் பொருளும் காரணமும் எழுதி ஒரு சிறு கையேடு ஆக்குவது ஒரு பருவத்தின் மாணவர் பணியாக அமையலாம். மொழித்துறைகள் கணினித்துறையிடம் உதவி கேட்டே பழகியவை. இந்த ஒன்றில் அவை கொடுக்கும் இடத்தில் நிற்க முடியும்.